முழங்கால் வாரின் நுனி

எங்கள் கடையில் தோலை நீளவாக்கில் வாராகக் கிழிப்பது என் வீட்டுக்காரர். நுனி வெட்டுவது நான். கல்யாணமாகி ஆரணிக்கு வந்த இரண்டாம் வருஷமே அப்படி ஆகிவிட்டது. அவருக்கு நேர்க்கோடு நன்றாக வரும். மாட்டுத்தோலின் இந்த முனையில் கத்தியை வைத்தால் அந்த முனை வரைக்கும் நிறுத்தாமல் இழுத்துக்கொண்டு போவார். வளைவு வந்தால் மட்டும் கை இடறும். எனக்கு வளைவுதான் சுலபம். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதப் பார்த்தேன், மனசு ஒப்பவில்லை. பெருமைக்காகத்தான் சொல்கிறேன். எழுபதுகளில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பெல்ட் கட்டிக்கொண்டு நடந்த ஆண்கள் பல பேர் இடுப்பில் என் வெட்டைச் சுமந்துகொண்டுதான் நடந்தார்கள். அது ஒரு பொம்பளை வெட்டியது என்று அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லவில்லை.

சாமான் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஒரு புளியங்கட்டை. அரைவட்டமாகத் தீட்டிய கத்தி ஒன்று. குத்தூசி, துளை போடும் உளி, சுத்தியல். ஓரத்தை வழிக்க உடைந்த கண்ணாடித் துண்டு. அரைவட்ட நுனிக்கு ஒரு பெரிய காசை வைத்துக் கோடு இழுப்பேன். வேப்பிலை மாதிரி கூர் நுனி கேட்டால், தகர டப்பாவில் நானே வெட்டி வைத்திருந்த அச்சு உண்டு. கோடு எப்போதும் உள்பக்கத்தில்தான். தோலுக்கு ஒரு பக்கம் முகம். வழவழப்பாக இருக்கும், வெளியில் தெரிவது அது. மறுபக்கம் சதைப்பக்கம், சொரசொரவென்று இருக்கும். முகத்தில் கோடு போட்டால் சாகும்வரை அழியாது. அதனால் தோலைக் குப்புறப் போட்டு, சதைப்பக்கத்தில் வரைந்து, அந்தப் பக்கமிருந்தே வெட்டுவோம். பத்து வருஷம் இப்படியே வெட்டி வெட்டி, கை தானாகவே தோலைக் குப்புறப் போட்டுவிடும். யோசிக்கவே மாட்டேன். அந்த யோசிக்காததுதான் ஒருநாள் என்னைத் தலைகுனிய வைத்தது.

எழுபதுகளின் கடைசி. தை மாதம், பனி இன்னும் விடவில்லை. என் வீட்டுக்காரர் முதல் பஸ்ஸிலேயே களம்பூருக்குப் போய்விட்டார். அங்கே ஒரு அரிசி மில்லில் இயந்திரத்தை ஓட்டும் பெல்ட் அறுந்துவிட்டது என்று ஆள் வந்திருந்தது. கடையில் இருந்த கனமான தோலையெல்லாம் சுருட்டிக்கொண்டு போனார். நான் ஒன்பதரை மணிக்குக் கடை திறந்து, கட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை இழுத்து இழுத்து ஒரு பெண். இருபது, இருபத்தொரு வயசு இருக்கும். மொடமொடப்பாகக் கஞ்சி போட்ட நூல்சேலை. சேலைக்குக் கீழே இடது காலில் இரும்புச் சட்டம் தெரிந்தது. சின்ன வயசில் போலியோ வந்த கால். பட்டுத்தறி வீட்டுக்காரர்கள் என்று பார்த்ததுமே தெரிந்தது. பெரியவரின் விரல் நுனியெல்லாம் சாயம்.

அவர் அறுந்துபோன வார்த்துண்டு ஒன்றை என் கையில் கொடுக்கவில்லை. கடைப் பலகையின் ஓரத்தில் வைத்துவிட்டு, கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். அது எனக்குப் பழக்கம்தான்.

"உன் வூட்டுக்காரர் எங்கம்மா?"

"களம்பூர் போயிருக்காருங்க. சாயங்காலம்தான் வருவாரு."

"போச்சுடா" என்றவர் மகளைப் பார்த்தார். "நான் அப்பவே சொன்னேன். இன்னிக்கு சகுனமே சரியில்ல. வா, வூட்டுக்குப் போலாம்."

அந்தப் பெண் அவரைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்துதான் பேசினாள். "பஸ் படியில காலை வெச்சேன்க்கா, பட்டுனு அறுந்துடுச்சு. வேலூர் போவணும். டீச்சர் வேலைக்கு ஆர்டர் வரணும்னா டாக்டர் சர்ட்டிபிகேட் வேணும். குச்சி இல்லாம, யாரையும் புடிக்காம அவர் எதிர்ல நடந்து காட்டணும். ரெண்டு மணிக்கு மேல பாக்கமாட்டாங்களாம். இன்னிக்குத்தான் கடைசி நாளு."

"இல்லன்னா?"

"இல்லன்னா அடுத்த ஆளைக் கூப்பிடுவாங்க."

"கூப்பிட்டுட்டுப் போறாங்க" என்றார் பெரியவர். "வூட்ல தறி கீது. இத்தினி நாளு நாங்க சோறு துன்னலயா?"

அவருக்கு மகள் வேலூர் போவதில் பாதி மனசுதான் என்பது எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. ஒரு சாக்கு கிடைத்தால் போதும், திரும்பிவிடுவார். அந்தச் சாக்கு என் கடைப் பலகையில் அறுந்து கிடந்தது.

"அடுத்த பஸ் எத்தினி மணிக்கு?" என்று கேட்டேன்.

"பதினோரு மணிக்கு" என்றாள் அவள்.

எதிர் டீக்கடைக் கடிகாரத்தில் பத்தடிக்க ஐந்து நிமிஷம்.

"உள்ள வந்து உக்காரும்மா. சட்டத்தைக் கழட்டு."

பெரியவர் ஒரு அடி முன்னால் வந்தார். "இது இடுப்பு பெல்ட்டு இல்ல. கால் நிக்கற வாரு. பொம்பள கைக்கு இதெல்லாம்..."

"எங்க கடையில நுனி வெட்றது எப்பவும் இந்தப் பொம்பள கைதாங்க. நீங்க கட்டிகினு கீற பெல்ட்டைக் கொஞ்சம் காட்டுங்க." வேட்டிக்கு மேல் பச்சை பெல்ட் கட்டியிருந்தார். அதன் நுனியை நிமிர்த்திப் பார்த்தேன். "இதுவும் நான் வெட்டினதுதான்."

டீக்கடைக்காரர் அங்கிருந்தே கத்தினார். "சாமி, அண்ணிகிட்ட வாயக் குடுக்காதீங்க. நானே மாசத்துல ரெண்டு வாட்டி வாங்கிக் கட்டிக்கறேன்!"

சட்டத்தைக் கழற்றி மடியில் வைத்துப் பார்த்தேன். காலின் இரண்டு பக்கமும் இரும்புப் பட்டை. முழங்கால் பக்கத்தில் கீல். வெளிப்பக்கத்துப் பட்டையில் வார் ரிவிட்டு அடித்து நிற்கும்; முழங்காலின் மேல் குறுக்கே வந்து, உள்பக்கத்துப் பட்டையில் இருக்கிற பக்கிளில் நுழையும். அந்த வார்தான் முழங்கால் மடங்காமல் பிடிப்பது. அது இல்லையென்றால் சட்டம் சும்மா இரும்பு. வார் துளை போட்ட இடத்தில் அறுந்து, மிச்சத் துண்டு பட்டையிலேயே நின்றது; ரிவிட்டைத் தட்டி அதையும் எடுத்தேன். வளைத்துப் பார்த்தேன், அறுந்த இடம் அப்பளம் மாதிரி நொறுங்கியது.

"இதை வெயில்லயும் பனியிலயும் போட்டு வெச்சிருந்தீங்களா?"

பெரியவர்தான் சொன்னார். "தோலு இல்லயா. பாவு கட்டின வூட்டுக்குள்ள எப்டி எடுத்துகினு போறது? வாசல்லயே ஆணியில மாட்டிட்டுத்தான் பொண்ணு உள்ள வரும்."

"அப்ப உள்ள எப்டி நடக்குது?"

"செவுத்தப் புடிச்சிகினு" என்றாள் அவள், சாதாரணமாக.

தறியில் நீட்டிக் கட்டிய பட்டு நூலுக்கு முன்னால் தோல் வரக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். அதில் நான் சொல்ல என்ன இருக்கிறது? ராத்திரியெல்லாம் பனியில் ஊறி, பகலெல்லாம் வெயிலில் காய்ந்து, எந்தத் தோலும் ஒரு வருஷம்கூடத் தாங்காது. இதை மட்டும் சொன்னேன். அவர் எங்கேயோ பார்த்தார்.

கனமான தோல் இருக்கிறதா என்று தேடினேன். செருப்புக்கான மெல்லிசுத் தோல் கிடந்தது, ஆகாது. கூடைக்கு அடியில் ஒரே ஒரு துண்டு. இரண்டு விரல் அகலம், ஒன்றரைச் சாண் நீளம். பழைய வாரின் இரண்டு துண்டையும் ஒட்டி அதன்மேல் வைத்துப் பார்த்தேன். அரை விரற்கடைதான் மிச்சம். ஒருமுறை வெட்டலாம். இரண்டாவது முறை கிடையாது.

பழைய வாரின் நுனி வேப்பிலையும் இல்லை, அரைவட்டமும் இல்லை. மேல் ஓரம் நேராக இருந்தது. கீழ் ஓரத்தை மட்டும் உள்ளே வளைத்து வெட்டியிருந்தார்கள். உட்காரும்போது கீல் மடங்கும் இல்லையா, அதில் வார் நுனி சிக்கக்கூடாது என்று. எந்த ஆஸ்பத்திரியிலோ புத்தியுள்ள ஆள் வெட்டியது. எனக்கு அவன்மேல் ஒரு மரியாதை வந்தது. கூடவே, நானும் இதே மாதிரி வெட்டிக் காட்டுகிறேன் பார் என்ற வீம்பும் வந்தது.

தோலுக்கு லேசாகத் தண்ணீர் தொட்டுவிட்டு, கட்டையின்மேல் குப்புறப் போட்டேன். பழைய துண்டுகளை அதன்மேல் துளைகள் தெரியும்படி நிமிர்த்தி வைத்தேன். குத்தூசி முனையால் ஓரத்தைச் சுற்றிக் கோடு இழுத்தேன். துளைக்குப் புள்ளி வைத்தேன். பெரியவர் நிழல் கட்டையின்மேல் விழுந்துகொண்டே இருந்தது.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க. வெளிச்சம் வேணும்."

"மணி பத்து இருவது ஆவுது."

"ஆவட்டும்."

வளைவை வெட்டும்போது கத்தி நகரக்கூடாது, தோல்தான் நகர வேண்டும். கத்தியை நட்டு வைத்து, இடது கையால் தோலை மெல்லத் திருப்பிக்கொண்டே போக வேண்டும். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்வேன். அன்றைக்கு அந்த வளைவு ஒரே இழுப்பில் வந்தது. பிசிறே இல்லை. கண்ணாடித் துண்டால் ஓரத்தை வழித்தேன். ஐந்து துளை போட்டேன். எனக்கே பார்க்க அழகாக இருந்தது. அவள் என் பக்கத்தில்தான், கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

முகம் மேலே வர நிமிர்த்தினேன். பக்கத்தில் பழைய வாரை வைத்தேன்.

இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன்.

பழையதில் வளைவு கீழ் ஓரத்தில். என்னுடையதில் மேல் ஓரத்தில். வேப்பிலை நுனிக்கு இரண்டு ஓரமும் ஒன்றுபோல் இருக்கும். குப்புறப் போட்டு வரைந்தாலும் மல்லாக்கப் போட்டு வரைந்தாலும் ஒன்றுதான். இந்த நுனி அப்படி இல்லை. புதுத் தோலைக் குப்புறப் போட்டால் பழையதையும் குப்புறப் போட்டு வரைந்திருக்க வேண்டும். நான் துளை தெரிய வேண்டும் என்று நிமிர்த்தி வைத்துவிட்டேன். கண்ணாடியில் பார்த்த முகம் மாதிரி, இடம் வலமாக, மொத்தமும் மாறிப்போயிருந்தது.

உள்ளங்கையை அதன்மேல் வைத்து மூடினேன்.

"இன்னா நிறுத்திட்ட?" என்றார் பெரியவர்.

"தோலு தண்ணிய இழுக்கணுங்க."

பொய். எதிர்க் கடிகாரத்தில் பத்து முப்பத்தைந்து. வேறு தோல் இல்லை. உண்மையைச் சொன்னால் இவர் இந்த நிமிஷமே அவளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். அதோடு, 'பொம்பள கை' என்று அவர் சொன்னது சரியென்று ஆகிவிடும். இரண்டில் எது என் வாயை அடைத்தது என்று கேட்டால், இரண்டாவதுதான் முதலில் அடைத்தது. இவ்வளவு வயசுக்குப் பிறகு இதில் மறைக்க என்ன இருக்கிறது.

ஒரே ஒரு வழி இருந்தது. வாரைத் திருப்பிப் போடுவது. சதைப்பக்கம் வெளியே, முகம் காலைப் பார்த்து. அப்போது வளைவு கீழே வந்துவிடும், கீலில் சிக்காது. ஆனால் சதைப்பக்கம் வெளியில் தெரிகிற மாதிரி ஒரு வாரை நான் என் கையால் விட்டதே இல்லை. அவலட்சணம் ஒருபக்கம் இருக்கட்டும்; தோலின் பலமெல்லாம் முகத்தில்தான். பக்கிள் முள் சதைப்பக்கத்தில் உராய்ந்து உராய்ந்து இழுத்தால் தோல் நார் நாராகப் பிரியும். எத்தனை நாளில் என்று யாருக்குத் தெரியும்? ஒரு மாதம் தாங்கலாம். டாக்டர் முன்னால் மூன்றாவது அடியிலும் பிரியலாம்.

அவள் சொன்னாள்: "அக்கா, மணி ஆவுதுக்கா. அடிச்சிடு."

அடித்தேன். சதைப்பக்கம் வெளியே வைத்து, பட்டையில் ரிவிட்டைப் போட்டு, நாலு தட்டு. பெரியவர் குனிந்து பார்த்தார்.

"இன்னாம்மா இது, உள்பக்கம் வெளிய கீது?"

"முழங்காலுக்கு வழவழப்புப் பக்கம்தாங்க உறுத்தாது" என்றேன். எங்கிருந்து வந்ததோ அந்தச் சொல்.

"பாத்தீங்களா சாமி, அண்ணி மூளைய!" என்றார் டீக்கடைக்காரர்.

சட்டத்தை மாட்டி, பக்கிளை இழுத்துக் கட்டிவிட்டேன். அவள் எழுந்து நின்றாள். கடைக்குள் இரண்டு அடி, வெளியே நாலு அடி. வார் கிர்ரென்று ஒரு சத்தம் போட்டது. புதுத் தோல் அப்படித்தான் சத்தம் போடும். இருந்தாலும் அது என் நெஞ்சிலேயே கேட்டது.

"ஓடியாங்க, ஜல்தி! கண்டக்டரு விசில் குடுக்கறான்!" டீக்கடைக்காரர் கையை ஆட்டிக்கொண்டே பஸ்ஸின் முன்னால் போய் நின்றார். அவள் யாரையும் பிடிக்காமல் ஏறினாள், பின்னாலேயே பெரியவரும் ஏறினார். பஸ் போய்விட்டது.

அதற்குப் பிறகு சாயங்காலம் வரைக்கும் நான் என்ன வேலை செய்தேன் என்று எனக்குத் தெரியாது. பை வார் ஒன்றுக்கு நுனி வெட்ட எடுத்து, இரண்டு முறை கீழே வைத்தேன். ஒரு மணிக்கு, இப்போது வேலூரில் இறங்கியிருப்பாள் என்று நினைத்தேன். ஒன்றரைக்கு, வரிசையில் நிற்பாள். டாக்டர் 'நட' என்று சொல்லியிருப்பார். நடந்திருப்பாள். ஒவ்வொரு அடிக்கும் அந்த முள் இழுக்கும். சோறு கொண்டு வந்திருந்தேன், திறக்கவில்லை. கர்த்தரே என்று ஆரம்பித்தேன். ஜெபத்தில் என்ன கேட்பது? நான் தப்பாக வெட்டினதை நீ தாங்கிப் பிடி என்றா? கேட்க வாய் வரவில்லை. அவள் கால் நிற்கட்டும் என்று மட்டும் கேட்டேன்.

நாலு மணிக்கு வீட்டுக்காரர் வந்தார். கட்டையின்மேல் கிடந்த வெட்டுத்துண்டைக் கையில் எடுத்தார். பழைய வார்த்துண்டும் அங்கேயே கிடந்தது. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தார். 

"மாத்தி வெட்டிட்டியா?"

"ஆமா."

"திருப்பிப் போட்டு அனுப்பிட்டியா?"

"ஆமா. தாங்குமா?"

அவர் துண்டை வளைத்து வளைத்துப் பார்த்தார். பதில் சொல்ல இத்தனை நேரம் எடுத்துக்கொள்கிற ஆள் இல்லை. "தாங்கலாம்" என்றார். 'தாங்கும்' என்று அவர் சொல்லவில்லை.

ஐந்தரைக்கு வேலூர் பஸ் வந்தது. நான் கடையிலிருந்து எழுந்து, டீக்கடை வரைக்கும் போய் நின்றேன். கூடைக்காரிகள் இறங்கினார்கள். யாரோ ஒரு சாக்கு மூட்டையை இறக்கினார்கள். பெரியவர் இறங்கினார், தனியாக. பிறகு படியில் இரும்பு தட்டுகிற சத்தம். கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் இறங்கினாள். கம்பியை விட்டாள். நடந்து வந்தாள்.

"மூணு வாட்டி நடக்க வுட்டாங்க!" பெரியவர் டீக்கடைக்காரரிடம் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார், என்னவோ அவரே நடந்த மாதிரி. "அப்புறம் படி ஏறச் சொன்னாங்க. ஏறிட்டா இல்ல! கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாரு." என்னைப் பார்த்து, "உன் வாரு நின்னுதும்மா" என்றார். காலையில் 'நீ', சாயங்காலமும் 'நீ'தான். அன்றைக்கு நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவர் டீ குடிக்கப் போனதும் அவளைக் கடைக்குள் உட்கார வைத்து, குனிந்து வாரைப் பார்த்தேன். மூன்றாவது துளை இழுபட்டு முட்டை மாதிரி நீண்டிருந்தது. ஓரத்தில் இரண்டு நார் பிரிந்து தொங்கியது. இன்னும் கொஞ்ச தூரம் நடந்திருந்தால்?

"தங்கச்சி, ஒண்ணு சொல்லணும். இது நான் வேணும்னு திருப்பிப் போட்டதில்ல. மாத்தி வெட்டிட்டேன். உன்கிட்ட மறைச்சிட்டேன்."

அவள் காலை நீட்டி, பக்கிளை ஒரு துளை தளர்த்திக்கொண்டாள். "தெரியும்க்கா."

"எப்டித் தெரியும்?"

"நீ கோடு போடும்போதே பாத்தேன். பழசு மல்லாக்க கீது, புதுசு குப்புற கீது. தறியில பூ போடறமே, அடிப்பக்கம் பாத்து நெய்தா எல்லாம் மாறித்தான் வரும். எங்களுக்கு அது பழக்கம். சொல்லலாம்னு வாயெடுத்தேன், அதுக்குள்ள நீ கத்திய வெச்சிட்ட."

"கத்திய வெச்சா இன்னா? சத்தம் போட்டிருக்கலாமே!"

"சத்தம் போட்டா உன் கை ஆடும். இருந்தது ஒரே தோலு." குரலைத் தாழ்த்தி, டீக்கடைப் பக்கம் பார்த்தாள். "அப்புறமும் சொல்லலாம்னுதான் நெனச்சேன். எங்கப்பா காதுல வுழுந்தா அப்டியே இட்டுகினு போயிருப்பாரு. அதான் அடிச்சிடுன்னு சொன்னேன்."

நான் ஒருத்தி மட்டும் பயந்துகொண்டிருந்தேன் என்று நாளெல்லாம் நினைத்திருந்தேன். அறுந்தாலும் அறுந்துவிடும் என்று தெரிந்தேதான் அவள் அந்த வாரைக் கட்டிக்கொண்டு, மூன்று முறை நடந்து, படியும் ஏறியிருக்கிறாள்.

"கழட்டு. அவர்கிட்ட நல்ல தோலு மிச்சம் கீது. இப்பவே வேற வெட்டித் தரேன்."

"நாளைக்கு வரேன்க்கா. இருட்டறதுக்குள்ள வூட்டுக்குப் போவணும்."

"நாளைக்குள்ள பிரிஞ்சிட்டா?"

"பிரிஞ்சா பிரியட்டும். சர்ட்டிபிகேட்டு பையில கீது."

மறுநாள் பத்து மணிக்கு வந்தாள், தனியாக, மெதுவாக. புதுத் தோலைக் கட்டையின்மேல் குப்புறப் போட்டேன். அறுந்த பழைய வாரைக் கையில் எடுத்தேன். அவள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"பழசோட முகம் எந்தப் பக்கம் வெக்கற?"

"கீழ."

"காட்டு."

எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. என் கடையில் என் கட்டையின்மேல் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. தூக்கிக் காட்டினேன்.

"சரி, வெட்டு" என்றாள்.